பக்கத்து சீட்டில் உட்காரப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு 62 வயது. சென்ற மாதம்தான் பணி ஓய்வு பெற்றேன். ஒரே மகன், வயது 29, வேறு ஊரில் வேலை பார்க்கிறான். நாங்கள் இருவரும் காரில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். போக 3,200 கி.மீ., வர 3,200 கி.மீ. அவனுக்கு 21 நாள் விடுப்பு. ஒரு நாளைக்கு 800 கி.மீ. ஓட்டிவிடலாம் என்கிறான் அவன். 400 போதும் என்கிறேன் நான். எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. 35 வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. போன முறை அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இரண்டு மணி நேரப் பயணம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை என் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. "சண்டை போடாமல் திரும்பி வந்தால் போதும்" என்கிறார் என் மனைவி. அவன் எதிர்காலத்தைப் பற்றி அவனிடம் மனம்விட்டுப் பேச எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: ஐயா, வழி, தூரம், விடுப்பு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் இரண்டு மூன்று முறை திரும்பப் படித்தது அந்தச் சாவி விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இது அப்படி முடியாது. அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஓட்டுநர் பயிற்சியாளர். பயிற்சி வண்டியில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் பெடல் உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, அந்தப் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதுதான். கால் அங்கேயே இருந்தால், பழகுகிறவர் தவறு செய்வதற்கு முன்பே அது அமுங்கிவிடும். அவரும் 'இவர் பிடித்துக்கொள்வார்' என்று விட்டுவிடுவார், இல்லாவிட்டால் பதறிப்போவார். இரண்டுமே ஆபத்து.

ஒரு முறை ஒரு அப்பாவும் மகனும் என்னிடம் வந்தார்கள். மகனுக்கு உரிமம் கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று அப்பாதான் அழைத்து வந்திருந்தார். அவர்கள் வண்டியிலேயே கிளம்பினோம். மகன் ஓட்ட, அப்பா பக்கத்தில், நான் பின்சீட்டில். பையன் சுத்தமாகத்தான் ஓட்டினார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு சிவக்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையில் அழுந்தியது, ஒரு கை கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டது. இறங்கியபோது கவனித்தேன். காலடி விரிப்பில் அவர் குதிகால் ஊன்றுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அப்பா தள்ளிப் போன பிறகு மகன் என்னிடம் சொன்னார்: "அவர் திட்டினாக்கூடப் பரவாயில்லை சார். அந்தக் காலைப் பார்த்தாத்தான் எனக்குத் தடுமாறுது."

நீங்களும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். 35 வருடம் ஓட்டிய கால் அது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். ஓட்டுகிறவருக்குத் தான் எப்போது பிரேக் பிடிக்கப் போகிறோம் என்பது முன்பே தெரியும். உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. வண்டி நிஜமாகவே வேகம் குறைந்த பிறகுதான் தெரியும். ஓட்டுகிறவருக்கு அநேகமாக வாந்தி வராமல், உட்கார்ந்து வருகிறவருக்கு மட்டும் வயிற்றைப் புரட்டுவதும் இதனால்தான். அதனால் உங்கள் மகன் சரியான நேரத்தில் பிரேக் பிடித்தாலும், உங்கள் சீட்டிலிருந்து பார்க்க அது தாமதமாகத்தான் தெரியும். நாளைக்கு நீங்கள் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அவருக்கும் உங்கள் பிரேக் தாமதமாகத்தான் தெரியும்.

"மெதுவா போ", "இடைவெளி விட்டுப் போ" என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் அளவு. மெதுவா என்றால் எவ்வளவு? இதைத்தான் நீங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன்பே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனதில் எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உங்கள் வண்டி அதே கம்பத்தைத் தாண்டினால் இடைவெளி போதாது. வறண்ட சாலையில் இரண்டு விநாடி குறைந்தபட்சம். மழையில் நான்கு. உங்களுக்காக வறண்ட சாலையிலும் மூன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதேபோல உச்ச வேகம் இவ்வளவு என்று ஒரு எண். அவர் 110 கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 500 கி.மீ. தூரத்தை 100-ல் போனால் 5 மணி நேரம், 110-ல் போனால் 4 மணி 33 நிமிடம். மிச்சம் 27 நிமிடம், அதுவும் சாலை முழுக்க காலியாக இருந்தால்தான். எண்ணில் சொன்னால் அவர் கேட்பார் என்று நினைக்கிறேன். அவர் கோபம் உங்கள் கருத்தின் மேல் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் தன்னைச் சோதிப்பது போல இருக்கிறதே, அதன் மேல்.

அப்புறம், பக்கத்து சீட்டில் சும்மா உட்காராதீர்கள். அங்கே வேலை இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை அழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வண்டியில் போனார். காரில் போன முதல் நெடும்பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 13. எரிபொருள் குழாய் அடைத்தபோது அம்மா தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார்கள். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்த வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

இன்றைக்கு அந்த வேலை வேறு. மகன் ஓட்டும்போது கைபேசி இரண்டும் உங்களிடம் இருக்கட்டும். அழைப்பு வந்தால் நீங்கள் எடுங்கள். கையில் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுகிறவர் கவனம் சிதறத்தான் செய்யும். வழிகாட்டும் வரைபடம் உங்கள் பொறுப்பு. "அடுத்த வெளிவழி இரண்டு கிலோமீட்டரில், அதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க் இருக்கு" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத பகுதிக்கு வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதையும் நீங்களே பாருங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் வேலை இருந்தால் கால் பேசாமல் இருக்கும். நீங்கள் ஓட்டும்போது இதே வேலை அவருக்கு. ஓட்டுகிறவர்தான் வண்டிக்குத் தலைவர். வேகம், முந்துவது, பாட்டுச் சத்தம் எல்லாம் அவர் முடிவு, பேசி வைத்த எண்ணுக்குள். பக்கத்து சீட்டுக்கு ஒரே ஒரு அதிகாரம் உண்டு: "நிறுத்து" என்று சொன்னால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று வண்டிக்குள் கேட்கக் கூடாது. இதை மட்டும் இருவரும் கைகொடுத்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி அந்த 800-க்கும் 400-க்கும் வருவோம். ஐயா, உங்கள் எண்தான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கிலோமீட்டரில் பேசுவதை இருவரும் விட்டுவிடுங்கள், மணியில் பேசுங்கள். மீட்டரில் 100 காட்டலாம். ஆனால் காலையில் ஒரு விடுதி வாசலில் கிளம்பி, மாலையில் அடுத்த விடுதி வாசலில் இறங்கும்வரை சேர்த்துப் பார்த்தால், சாப்பாடு, கழிப்பறை, எரிபொருள், ஊருக்குள் நெரிசல், சாலைப் பணி எல்லாம் போக சராசரி 55 தாண்டுவது கஷ்டம். அந்தக் கணக்கில் 800 கி.மீ. என்பது பதினாலரை மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு எட்டரை. மறுநாளும் அதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கே ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் அனுமதி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். அவர்கள் வருடம் முழுக்க ஓட்டிப் பழகியவர்கள். நீங்கள் இருவரும் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

வாசலுக்கு வாசல் 8 மணி நேரம் என்று வையுங்கள். அதில் சக்கரம் சுழல்வது ஆறரை மணி நேரம், ஆளுக்கு மூன்றே கால். தூரம் 430, 440 கி.மீ. வரும். இந்தக் கணக்கில் 6,400 கி.மீ. போய்வர 15 நாள் ஆகும். 21 நாளில் மிச்சம் ஆறு. மூன்று நாள் ஓட்டினால் ஒரு நாள் வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம். அப்படியானால் போய்ச் சேர்ந்த இடத்தில் தங்க ஒன்றிரண்டு நாள்தான் தேறும். இதற்கா இவ்வளவு தூரம்?

மறுகோடியைத் தொட்டே ஆகவேண்டுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். 2,400 கி.மீ. தூரத்தில் ஒரு நல்ல இடத்தில் திரும்பினால் ஓட்டும் நாள் பதினொன்றாகிவிடும், பத்து நாள் கையில் இருக்கும். இல்லை, தொட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு வழி மட்டும் ஓட்டுங்கள். வாகனத்தை ஏற்றி அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன, வாடகைக் காரென்றால் வேறு ஊரில் திருப்பிக் கொடுக்கும் வசதியும் சில இடங்களில் உண்டு. நீங்கள் இருவரும் ரயிலிலோ விமானத்திலோ திரும்பலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. போகும் வழியில் தெரியும் ஆர்வம் திரும்பும் வழியில் பெரும்பாலும் இருப்பதில்லை. எப்போது வீடு சேருவோம் என்ற அவசரத்தில்தான் தவறுகள் நடக்கும்.

யார் எப்போது ஓட்டுவது என்பதை முறை வைத்து மாற்றாமல் உடம்பைப் பார்த்து மாற்றுங்கள். வயது கூடக் கூடத் தூக்கம் சீக்கிரம் கலையும். ஐந்து மணிக்கே நீங்கள் எழுந்துவிடுவீர்கள். உங்கள் மகன் வயதில் பலருக்குக் காலை எட்டு மணிக்கும் பாதித் தூக்கம்தான். சூரியன் வந்த பிறகு காலை வேளை முழுக்க உங்களுடையது. மதிய உணவுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மணி வரை எந்த வயதிலும் உடம்பு ஒரு சரிவு சரியும். தூக்கத்தால் நடக்கும் விபத்துகள் கூடுகிற நேரங்களில் அது ஒன்று, இன்னொன்று நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை. மதியம் வரும் அந்த இரண்டு மணி நேரத்தில் பாதியையாவது நிறுத்திக் கழியுங்கள். மாலை அவர் ஓட்டட்டும். இருட்டிய பிறகு நீங்கள் ஓட்ட வேண்டாம். இருபது வயதில் கண்ணின் உள்ளே போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. எதிர் வண்டி விளக்கு அடித்தபின் பார்வை தெளியவும் அதிக நேரமாகும். கீறல் விழாத 35 வருடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த 35 வருடம் கண்ணுக்கும் ஆகியிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். என் மகன் கல்லூரி முடித்த வருடம் இருவரும் ஒரு நீண்ட பயணம் போனோம். அன்றைக்கு விடுதியில் தங்கியிருக்கலாம். இன்னும் 150 கி.மீ. தானே என்று நான் ஓட்டினேன். மணி இரவு ஒன்றரை. அவன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். "நீ தூங்கு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நானே சொல்லியிருந்தேன். சாலை ஓரத்தில் அதிர்வு வரும்படி போட்டிருக்கும் கோட்டின் மேல் சக்கரம் ஏறிய 'கடகட' சத்தத்தில்தான் விழித்தேன். கண்ணை மூடியது நினைவிலேயே இல்லை. கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. 100 கி.மீ. வேகத்தில் நாலு விநாடி கண் மூடினால் வண்டி 111 மீட்டர் தானாகப் போயிருக்கும். நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். மகன் எழுந்து, "என்னப்பா ஆச்சு?" என்றான். அவனிடம் அன்றைக்கு உண்மையைச் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

அப்போது எனக்கு ஒன்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை விழித்ததிலிருந்து 17 மணி நேரம் ஆகிவிட்டால், கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1997-ல் செய்த ஆய்வு இது. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கொஞ்ச நேரத்துக்கு மேல் உதவாது. உதவுவது நிறுத்துவதுதான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதுவும் ஒரு முறைக்குத்தான், அதன்பின் படுக்கைதான். முன் சீட்டில் இருப்பவர் தூங்க வேண்டுமானால் பின் சீட்டுக்குப் போய் பெல்ட் போட்டுக்கொண்டு தூங்கட்டும். முன் சீட்டைச் சாய்த்துப் படுத்தால், மோதல் நடக்கும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவிவிடும்.

உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கிளம்ப ஒரு மாதம் முன்பே போங்கள். மாத்திரைகளைக் கையில் எடுத்துப் போய், "இதில் எது சர்க்கரையைத் திடீரென்று இறக்கும், எது தூக்கம் வரவைக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகப் பயமில்லை. கிளைமிபிரைடு போன்ற வகையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரை இறங்கலாம், பயணத்தில் சாப்பாடு தள்ளித்தான் போகும். இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குப் பிரிட்டனில் ஒரு விதி இருக்கிறது. கிளம்பும் முன்பும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். 90-க்கு மேல் இல்லாவிட்டால் ஏதாவது சாப்பிட வேண்டும், 70-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் ஓட்டவே கூடாது. இறங்கிய சர்க்கரை சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் டிக்கியில் இருக்கக் கூடாது, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும், வியர்க்குமா, கோபம் வருமா என்று மகனிடம் சொல்லி வையுங்கள். காரணமில்லாமல் நீங்கள் சிடுசிடுக்கும்போது அவர் வாதாடாமல் சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும். சளிக்கு, அரிப்புக்கு வாங்கும் மாத்திரைகள் பல தூக்கம் தரும், வழியில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, காருக்கும் பொருந்தும். ஆபத்து சிறியதுதான், ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள்.

வண்டிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, 35 வருடம் ஓட்டியவருக்கு நான் என்ன சொல்வது. டயரை மட்டும் சொல்கிறேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் பாருங்கள், பலர் அதை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். இரண்டு ஆளும் மூன்று வாரச் சாமானும் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டியைச் சர்வீசுக்கு விடுவது கிளம்ப இரண்டு வாரம் முன்பு. முந்தின நாள் விட்டால் மாற்றிய பாகத்தில் குறை இருந்தாலும் நடு வழியில்தான் தெரியும். உரிமம் இருவருக்கும் செல்லுபடியாகிறதா, காப்பீடு இருவர் ஓட்டினாலும் செல்லுமா என்று பார்த்துவிடுங்கள்.

பணத்துக்கு ஒரு பொதுப் பை. இருவரும் ஒரு தொகை போட்டு, செலவை அதிலிருந்து எடுங்கள். "நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே" என்று ஒவ்வொரு வேளையும் கல்லா முன்னால் நிற்பது 29 வயதுப் பிள்ளைக்குச் சங்கடம். குறட்டை யாருக்காவது உண்டென்றால் தனித்தனி அறை போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டி ஓட்டாத நாளில் பாதி நாள் ஆளுக்கொரு திசையில் போங்கள். சாயங்காலம் சந்தித்தால் சொல்லப் புதிதாக ஏதாவது இருக்கும்.

கடைசியாக நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்தப் பேச்சு. அவருடைய எதிர்காலம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேலையோ கல்யாணமோ, எதுவாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: ஓடுகிற வண்டிக்குள் அதை ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவது முகத்துக்கு முகம் பேசுவதைவிட எளிது, அது உண்மை. பழைய கதை, உங்கள் இளவயது, அவர் அலுவலகத்தில் நடந்தது எல்லாம் தானாக வரும், வரட்டும். ஆனால் கனமான விஷயம் வேறு. வீட்டில் என்றால் அவருக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். வண்டியில் எங்கே போவார்? அவர் ஓட்டும்போது ஆரம்பித்தால் கோபம் நேராக ஆக்சிலரேட்டரில் இறங்கும். நீங்கள் ஓட்டும்போது ஆரம்பித்தால் உங்கள் கவனம் போகும். போன முறை அவர் சாவியைக் கொடுத்ததும்கூட எழுந்து போக வேறு வழி இல்லாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதானே கொடுத்தார், அதை அவர் பொறுப்பாகச் செய்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வு நாளில், சாயங்காலம் நடந்து போகும்போது, அதுவும் முதல் வாரம் கழிந்த பிறகு கேளுங்கள். அறிவுரையாக வேண்டாம், "நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நடந்துகொண்டே இருங்கள். பதில் அன்றைக்கு வராமலும் போகலாம். மூன்று வாரம் இருக்கிறது.

எதையும் பதிவு செய்வதற்கு முன் ஒரு வாரக் கடைசியில் 300 கி.மீ. தள்ளி ஓரிடத்துக்குப் போய், ஒரு இரவு தங்கித் திரும்புங்கள். மேலே சொன்ன எல்லா ஏற்பாட்டோடும்: எண்கள், இறங்கி நடப்பது, "நிறுத்து" அதிகாரம், பொதுப் பை. போகும்போது முதல் இரண்டு மணி நேரம் அவர் ஓட்டட்டும். நீங்கள் உங்கள் வலது காலைக் கவனியுங்கள். தரையை அழுத்துகிறது என்று தெரிந்தால் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அழுத்துவது குறைந்திருந்தால் விடுதிகளைப் பதிவு செய்யலாம். குறையாவிட்டால் இன்னொரு வாரக் கடைசி போய்வாருங்கள்.

இந்தப் பதிலை மகனிடமும் படிக்கக் கொடுங்கள். அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தம்பி, அப்பா வழியில் தண்ணீர் குடிக்கிறாரா என்று பாருங்கள். இந்த வயதில் நிறையப் பேர் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியும் வகை இருந்தால் இன்னும் கஷ்டம். சர்க்கரைக்கும் காலுக்கும் அது நல்லதல்ல. அவர் கேட்கமாட்டார். அதனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, "எனக்குக் கொஞ்சம் கால் நீட்டணும்பா" என்று சொல்லி நீங்களே நிறுத்துங்கள்.